கனவுப் பறவையும் மட்டப்பலகையும்

மேகங்களுக்கு மனிதர்களைக் கண்டு கூச்சம் வராத காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் ஒரு நாடும் இருந்தது. எந்தத் திசை, எத்தனை நாள் பயணம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கேட்டுக்கொண்டு புறப்பட்டவர்கள் யாரும் போய்ச் சேர்ந்ததாகவும் கேள்விப்படவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்த நாட்டில் மலையிலிருந்து ஒரு மேகம் இறங்கி வரும். கடைத்தெருவில் புகுந்து, கோட்டை வாசலில் சற்று நின்று, அரண்மனை மாடத்துக்குள் எட்டிப் பார்க்கும். அது வந்தால் ஊரே கண்ணயர்ந்துவிடும். வணிகர் கையில் பிடித்த தராசோடு தூங்குவார். காவற்காரன் வேலில் சாய்ந்து தூங்குவான். அங்கே அது குற்றமில்லை. தூங்காமல் விழித்திருப்பவன்மேல்தான் சந்தேகம் வரும்.

இப்படிப்பட்ட ஊரில் கனவுக்கு மதிப்பு இல்லாமல் போகுமா? ராஜசபை கூடியதும் முதல் காரியம் வரியுமில்லை, வழக்குமில்லை. அரசர் முகிலவர்மர் முந்தின நாள் கண்ட கனவைச் சொல்வார். சபையோர் தலையாட்டிக் கேட்பார்கள். சோதிடர்கள் ஆளுக்கொரு பலன் சொல்வார்கள். அதன் பிறகுதான் ராஜ்யம் நடக்கும்.

அந்தச் சபையின் விகடகவி சாத்தையன். வாயைத் திறந்தால் சிரிப்பு, மூடினால் அதைவிடப் பெரிய சிரிப்பு. அரசருக்கு அவன்மேல் அவ்வளவு பிரியம். தம் கையாலேயே வெற்றிலை மடித்து அவனுக்குக் கொடுப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் பிரதானி கொண்டைராயருக்கு வெற்றிலை போடாமலே சிவந்துவிடும், வாய் அல்ல, கண்.

ஊரைச் சிரிக்கவைக்கிறவன் வீட்டில் கொஞ்ச நாளாகச் சிரிப்பு குறைந்திருந்தது. காரணம் அவன் மகள் சிவந்தி. நடக்கப் பழகிய நாள் முதல் அவள் வாய் ஓய்ந்ததில்லை. "அப்பா, இந்த மேகத்துக்கு வீட்டுல யாரும் சோறு போட மாட்டாங்களா? தினமும் நம்ம ஊருக்கே வருதே" என்பாள். "பல்லி தலைகீழா நடக்குதே, அதுக்கு நாமதான் தலைகீழாத் தெரிவோமா?" என்பாள். சபையில் சாத்தையன் அவிழ்த்துவிட்ட விகடத்தில் பாதி, வீட்டில் மகள் உதிர்த்ததைப் பொறுக்கிக்கொண்டு போனதுதான். இது அரசருக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிவிட வேண்டாம்.

அவளைக் குளத்தங்கரைப் பள்ளியில் சேர்த்தான். அவள் சுவரில் தன் பெயரை எழுதிக் காட்டிய அன்று தெருவெல்லாம் சர்க்கரை வழங்கினான். பிறகு ஒரு நாள் சபையிலிருந்து திரும்பியவன், வழக்கம்போல் கேட்டான்.

"இன்னைக்கு மேகம் எப்படி இருந்துச்சு, சிவந்தி?"

"வெள்ளையா இருந்துச்சுப்பா."

"வேற?"

"வேற என்ன? மேகம்னா வெள்ளை. பாடத்துல அப்படித்தான் இருக்கு."

அன்று ராத்திரி சாத்தையனுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் சொன்னதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவனுக்கு வலித்தது.

அந்தப் பள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசரின் பாட்டனார், தாமரைக் குளத்தங்கரையில் மரத்தூண் மண்டபம் எழுப்பி நிறுவியது அது. அவர் வைத்துப்போன வழக்கம் ஒன்று உண்டு. உள்ளே வருகிறவர் யாராயிருந்தாலும் செருப்பையும் பட்டத்தையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். சேனாதிபதி மகனும் தோட்டக்காரர் மகளும் ஒரே வரிசையில், சுவரைப் பார்த்து உட்காருவார்கள். ஒவ்வொருவர் முன்னும் ஆற்றுமணல் பரப்பிய மரத்தட்டு. ஆசான் அவர்களுக்குப் பின்னால்தான் நடப்பார். யாருடைய முகத்தையும் பார்க்கமாட்டார், மணலை மட்டுமே பார்ப்பார். முகத்தைப் பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பது பாட்டனாரின் எண்ணம். நல்ல எண்ணம்தான், யார் இல்லையென்றது?

ஆசானின் பெயர் அம்பலத்தாடியார். தலை நரைத்தவர், குரல் உயராதவர், ஒரு பிள்ளையையும் அடித்தறியாதவர். காலையில் எழுத்தும் கணக்கும், மதியத்தில் சித்திரம். எதிர்ச் சுவரில் மாதிரிப் பலகை ஒன்று தொங்கும். அதில் ஒரு பறவை இருக்கும். வட்டத்தில் உடல், பிறையில் சிறகு, விசிறியில் வால். எல்லாரும் அதைப் பார்த்து மணலில் வரைய வேண்டும். யாருடைய பறவையாவது பலகையை விட்டுக் கொஞ்சம் விலகினால், பின்னாலிருந்து நீளக் காம்பு வைத்த மட்டப்பலகை ஒன்று வரும். மணலை ஓர் இழுப்பில் சமன் செய்யும். "பிழை" என்று மெல்லிய குரல் கேட்கும். அவ்வளவுதான். அடித்திருந்தால் அழுதாவது ஆற்றிக்கொள்ளலாம். இதற்கு என்ன செய்வது?

ஒரு நாள் அரசர் சபைக்கு வந்தபோது அவர் கண்கள் இன்னும் கனவை விட்டு வெளியே வராமல் இருந்தன.

"நேற்று என் கனவில் ஒரு பறவை வந்தது," என்றார். "அப்படியொன்றை நான் கண்டதே இல்லை. அதைக் கண்டபோது, சிறு வயதில் எதையோ தொலைத்துவிட்டு இத்தனை நாளும் மறந்திருந்தேன் என்று தோன்றியது. இன்னொரு முறை நான் அதைப் பார்க்க வேண்டும். சித்திரக்காரர்களே, வரைந்து காட்டுங்கள்."

அரண்மனைச் சித்திரக்காரர்கள் அனைவரும் துணியை விரித்து வரைந்தார்கள். விரைவாகவும் வரைந்தார்கள், அழகாகவும் வரைந்தார்கள். அரசர் ஒன்றைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். கடைசி வரை நடந்து பார்த்தார். எல்லாத் துணியிலும் ஒரே பறவை. வட்டத்தில் உடல், பிறையில் சிறகு, விசிறியில் வால்.

"என்ன இது? இவை அனைத்தும் ஒரே முட்டையிலிருந்து வந்தனவா?"

"மகாராஜா, நாங்கள் அனைவரும் குளத்தங்கரைப் பள்ளியில் பயின்றவர்கள்," என்றார் மூத்த சித்திரக்காரர் பெருமையாக.

அரசரின் முகம் கறுத்தது. "அப்படியானால் அந்தப் பள்ளி என் குடிகளின் கண்களைத் தின்றுவிட்டது. இழுத்து மூடுங்கள்!"

கொண்டைராயருக்கு உள்ளுக்குள் தேன் பாய்ந்தது. அந்தக் குளத்தங்கரையில் தமக்கொரு வசந்த மாளிகை கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. "தங்கள் சித்தம், மகாராஜா. நாளையே இடித்துவிடலாம்," என்றார்.

"வேண்டாம், மகாராஜா!"

சபை திரும்பிப் பார்த்தது. கத்தியவன் சாத்தையன். அதில் விகடம் ஏதும் இல்லாததால் சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கத்தியவனுக்கே ஏன் கத்தினோம் என்று தெரியவில்லை. சுவரில் பெயர் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்த மகளின் முகம் மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்தால் விடுவாரா? கொண்டைராயர் எழுந்தார். "மகாராஜா, போன வாரம் இதே சபையில் அந்தப் பள்ளியைக் கிளிக்கூண்டு என்று கேலி செய்தவர் நமது விகடகவி. இன்று அதற்கு வக்காலத்து வாங்குகிறார். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்குமானால், தாங்கள் கண்ட பறவையை அந்தப் பள்ளியிலிருந்தே கொண்டுவந்து காட்டட்டும். ஓர் இறகும் குறையக் கூடாது. முடியாவிட்டால் பள்ளியையும் மூடுவோம், அவரும் விகடத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நாட்டைவிட்டுப் போகட்டும்."

அரசர் சற்று யோசித்தார். பறவை ஆசை அவரை விடவில்லை. "சாத்தையா, ஆடிக் காற்று அடங்குவதற்குள் அந்தப் பறவையை அந்தப் பள்ளியிலிருந்து என் கண்முன் கொண்டுவா. இது என் கட்டளை."

சாத்தையன் வீட்டுக்குப் போனான். செய்தி அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

"பள்ளிக்கூடத்த மூடிருவாங்களாப்பா?"

"மூடினா உனக்குச் சந்தோஷமா இருக்குமா, தாயி?"

சிவந்தி யோசித்தாள். "கோயில் சுவத்துல இருக்கிற எழுத்துல பாதிதான் படிக்க வருது. மீதிய யாருப்பா சொல்லித் தருவாங்க?" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "சித்திரம் மட்டும் இல்லேன்னா நல்லா இருக்கும்" என்று சேர்த்தாள்.

"ஏன்? உனக்குச் சித்திரம்னா உசுராச்சே."

"அதனாலதான்."

பள்ளி மூடினால் மகளுக்கு எழுத்து போகும், ஊரும் போகும். மூடாவிட்டால் அவளுக்குள் பேசிக்கொண்டிருந்தது போகும். மெல்லவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல் சாத்தையன் விடியும் வரை புரண்டுகொண்டிருந்தான்.

மறுநாள் சபையில் அரசரிடம் கேட்டான்: "மகாராஜா, பறவையின் நிறம் நீலமா?"

"நீலம் அல்ல," என்றார் அரசர் கண்ணை மூடிக்கொண்டு. "நீலம் இல்லாமலும் இல்லை."

"வால் நீளமா?"

"வால் இருந்தது. ஆனால் தனக்கு வால் இருப்பது அந்தப் பறவைக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை."

"பாடியதா?"

"பாடி முடித்த பிறகு இருக்குமே ஓர் அமைதி, அதோடு வந்தது."

சாத்தையன் கைகூப்பினான். "மகாராஜா, இதை எந்தச் சித்திரக்காரர் கேட்டாலும் தூரிகையைக் கீழே வைத்துவிடுவார். பறவையைக் கண்ட கண்கள் இந்த நாட்டில் ஒரே ஒரு முகத்தில்தான் இருக்கின்றன. என் மகள் வரைந்தால் என் மகளின் பறவை வரும். நான் வரைந்தால் கழுதை வரும். தாங்கள் கண்ட பறவை அந்தப் பள்ளியிலிருந்து வர வேண்டுமானால், தாங்கள்தான் அந்தப் பள்ளியில் சேர வேண்டும்."

சபையோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொண்டைராயர் மட்டும் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். 'மன்னரை மணலில் உட்காரவைத்து அவமானப்படுத்தப் போகிறான். இவன் கதை இத்தோடு முடிந்தது' என்று அவருக்கு நினைப்பு.

ஆனால் முகிலவர்மர் கனவு காண்கிற மனிதர். குளத்தங்கரை, தாமரை, மதிய மேகம் எல்லாம் அவர் கண்முன் வந்தன. "எப்போது சேரலாம்?" என்றார்.

அன்று மதியமே சேர்ந்தார். கிரீடத்தையும் செருப்பையும் வாசலில் வைத்துவிட்டு, சாதாரண வேட்டியோடு கடைசிப் பிள்ளையாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பக்கத்தில் சாத்தையன். அவனுக்கு அந்தப் பக்கத்தில் சிவந்தி. பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும், ஆனால் பள்ளியில் பேசக் கூடாது. முகம் பார்க்காத ஆசானுக்கோ புதிதாக இரண்டு மணல்தட்டுகள் கூடியிருக்கின்றன என்பது மட்டுமே தெரியும்.

அரசர் குச்சியைப் பிடித்து வட்டம் போட்டார். கோழி முட்டை வந்தது.

பின்னாலிருந்து மட்டப்பலகை நீண்டது. "பிழை."

மறுபடி போட்டார். மாங்காய் வந்தது. "பிழை." அடுத்தது எந்தக் காயிலும் சேராத ஒன்று. சிவந்தி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, குச்சியை எப்படிப் பிடிப்பது என்று தன் கையைக் காட்டினாள். அரசர் அடக்கமாகப் பார்த்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், "சாத்தையா, கோட்டை எழும்பு என்றால் எழும்புகிறது. ஏரி வெட்டு என்றால் வெட்டுகிறார்கள். இந்த ஒரு வட்டம் என் உத்தரவுக்குக் கட்டுப்பட மறுக்கிறதே!" என்றார்.

"அது பள்ளிப் பிள்ளை, மகாராஜா. ஆசான் சொன்னால்தான் கேட்கும்."

சொன்னபடிதான் நடந்தது. கை நடுங்குகிற இடத்தை முகம் பார்க்காமலே ஆசான் கண்டுகொண்டார். "தோளிலிருந்து போடு, அப்பனே. விரலால் போடாதே" என்றார் ஒரு நாள். "மூச்சை விட்டபடி போடு" என்றார் இன்னொரு நாள். அரசரை 'அப்பனே' என்று யாராவது அழைத்துப் பல காலம் ஆகியிருந்தது. கோழி முட்டை மெல்ல மெல்ல உருண்டது. பிறை வளைந்தது. அரசரின் விரலுக்கும் தோளுக்கும் நடுவே அடைபட்டுக் கிடந்த ஏதோ ஒரு வாய்க்காலில் தண்ணீர் வந்தது. முழு வட்டம் வந்த அன்று பின்னாலிருந்து மட்டப்பலகை நீளவில்லை. அரசர் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சாத்தையன் அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல் இருந்தான்.

ஆடி முடிகிற சமயம். காற்று ஓயத் தொடங்கிவிட்டது. அன்று மதியம் மேகம் குளத்தைத் தாண்டிப் பள்ளிக்குள்ளேயே வந்துவிட்டது. தூண்கள் பாதி மறைந்தன. தாமரை வாசனையும் ஈர மணல் வாசனையும் கலந்து வந்தன. பிள்ளைகளின் தலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அரசரின் கண்கள் பாதி மூடியிருந்தன. ஆனால் அவர் கை நகர்ந்துகொண்டிருந்தது.

முதலில் ஒரு வட்டம் வந்தது. அது பாதியிலேயே மனம் மாறி, நீண்டு, தன்னைத்தானே திரும்பிப் பார்த்தது. அங்கே ஒரு கழுத்து இருந்தது. பிறை வந்தது. மேல்நோக்கி அல்ல, உள்நோக்கி, குளிரில் போர்வையை இழுத்துக்கொள்கிற மாதிரி. வால் எங்கே முடிந்தது, மணல் எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியவில்லை. கண் வைக்காமலே அது பார்த்தது. சாத்தையன் தன் குச்சியைக் கீழே வைத்தான். தான் பிறப்பதற்கு முன்பே தன்னைத் தெரிந்த ஒன்று எதிரே வந்து உட்கார்ந்திருப்பதுபோல் அவனுக்கு இருந்தது. மகளைப் பார்த்தான். சிவந்தியின் வாய் திறந்திருந்தது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவள் கண்ணில் ஒரு கேள்வி எட்டிப் பார்த்தது.

அரசர் விழித்தார். மணலைப் பார்த்தார். "வந்துவிட்டாயா?" என்றார்.

பின்னாலிருந்து மட்டப்பலகை நீண்டது. ஓர் இழுப்பு.

"பிழை."

வெறும் மணல்.

அரசர் எழுந்தார். திரும்பினார். எத்தனையோ வருடங்களாக எந்தப் பிள்ளையும் பாடத்தின் நடுவே திரும்பியதில்லை. அம்பலத்தாடியார் முதல் முறையாக ஒரு மாணவனின் முகத்தைப் பார்த்தார். நாணயத்தில் இருக்கிற முகம். கையிலிருந்த மட்டப்பலகை கீழே விழுந்தது.

தினமும் வாசலில் காத்துக் கிடந்த கொண்டைராயர், தலைப்பாகையும் செருப்புமாக உள்ளே பாய்ந்தார். "ராஜத் துரோகம்! மன்னரின் கனவையே அழித்துவிட்டான் இந்தக் கிழவன்! பறவையும் போயிற்று, கெடுவும் முடிந்தது. மகாராஜா, பள்ளியை மூடுங்கள். விகடகவியின் தொப்பியைக் கழற்றுங்கள்!"

"பிரதானியாரே, முதலில் தாங்கள் செருப்பைக் கழற்றுங்கள்," என்றான் சாத்தையன். "இது பள்ளி."

அரசர் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. "என் பறவை..." என்றார் ஆசானிடம். அவர் குரலில் கோபம் இல்லை. திருவிழாவில் கைவிட்டுப்போன குழந்தையின் குரல் அது.

அம்பலத்தாடியார் கைகூப்பினார். ஆனாலும் பொய் வரவில்லை. "மகாராஜா, நான் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அழித்திருப்பேன். மாதிரிப் பலகையில் அது இல்லையே."

சாத்தையன் முன்னால் வந்து வணங்கினான். அவனுக்குக் கால் நடுங்கியது உண்மை. ஆனால் நாக்கு நடுங்கவில்லை, அதுதானே அவன் பிழைப்பு.

"மகாராஜா, ஓர் ஐயம். தங்கள் கட்டளை என்ன?"

"பறவையை இந்தப் பள்ளியிலிருந்து என் கண்முன் கொண்டுவா என்றேன்."

"கண்முன் வந்ததா?"

"வந்தது."

"பிரதானியார் விதித்தபடி ஓர் இறகாவது குறைந்திருந்ததா?"

அரசர் கண்ணை மூடிப் பார்த்தார். "இல்லை. ஒன்றும் குறையவில்லை."

"கொண்டுவரச் சொன்னீர்கள், வந்தது. அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கட்டளையில் இல்லையே, மகாராஜா? பறவையாயிற்றே, பறந்துவிட்டது."

அரசரின் உதட்டோரம் அசைந்தது. கொண்டைராயர் வாயைத் திறந்தார். அரசர் கையை உயர்த்தினார். வாய் மூடிக்கொண்டது.

"உன் தொப்பி தப்பியது, சாத்தையா. இந்தப் பள்ளியின் தலை இன்னும் தப்பவில்லை. நீயே சொல். இதை வைத்துக்கொள்வதா, மூடுவதா?"

விகடம் செய்கிற நேரமாக அது சாத்தையனுக்குத் தோன்றவில்லை. மெதுவாகக் கேட்டான். "மகாராஜா, முதல் நாள் தங்களுக்குக் கோழி முட்டை வந்தது. அன்று அந்தப் பறவை கனவிலிருந்து இறங்கி வந்திருந்தால், உட்காரத் தங்கள் கையில் ஒரு கிளையாவது இருந்ததா?"

"இல்லை."

"கிளையை வளர்த்தது யார்?"

"இவர்."

"வந்து உட்கார்ந்ததும் விரட்டியது யார்?"

"இவரேதான்."

"வளர்த்த கையும் விரட்டிய கையும் ஒன்றாக இருக்கும்போது, எந்தக் கையை வெட்டச் சொல்வேன் நான்? என் மகளும் இங்கேதான் படிக்கிறாள். எனக்கு ஒரு கை வேண்டும், இன்னொன்று வேண்டாம். அது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஆசானையே கேளுங்கள்."

அரசர் தம் மணல்தட்டை எடுத்து ஆசானின் முன் வைத்தார். "ஐயா, தாங்கள் ஒரு பறவை வரையுங்கள். பலகையில் இல்லாத ஒன்று. எதுவாயிருந்தாலும் சரி."

அம்பலத்தாடியார் உட்கார்ந்தார். குச்சியை எடுத்தார். அவர் கை, தூங்குகிறவன் மூச்சு விடுவதுபோல் தானாக ஓடியது. வட்டத்தில் உடல், பிறையில் சிறகு, விசிறியில் வால். அதைப் பார்த்ததும் அவருக்கே திடுக்கென்றது. உள்ளங்கையால் அழித்தார். மறுபடி போட்டார். மறுபடியும் அதே பறவை வந்து உட்கார்ந்தது. மறுபடி அழித்தார். அதே பறவை.

"என் ஆசானும் அழித்தார்," என்றார் யாரையும் பாராமல். "சிறுவயதில் நான் என்னவோ ஒன்று வரைந்தேன். ஆசையாக வரைந்தேன். அழித்துவிட்டார். அது என்னவென்று எத்தனையோ மதியங்கள் யோசித்துப் பார்த்திருக்கிறேன், மகாராஜா. நினைவுக்கு வரவே மாட்டேன் என்கிறது." கிழவரின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு மணலில் விழுந்தது. பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் இருக்கிற ஆசானை அவர்களும் இன்றைக்குத்தான் பார்க்கிறார்கள்.

அப்போது ஒரு சின்னக் குரல் கேட்டது.

"ஐயா, இடது கையால போட்டுப் பாருங்களேன்."

சிவந்திதான். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். இடது கையால் குச்சியைத் தொடுவதே அந்தப் பள்ளியில் பெரும் பிழை. கொண்டைராயர் "சிவ சிவா!" என்று காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏன், அம்மா?" என்றார் ஆசான்.

"வலது கைதான் ஐயா இத்தன நாளும் படிச்சுச்சு," என்றாள் சிவந்தி. "இடது கை இன்னும் பள்ளிக்கூடத்துல சேரவே இல்லையே!"

சாத்தையன் தூணைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பேச்சு அவன் எழுதிக்கொடுத்ததல்ல. எந்தப் பாடத்திலும் இருந்ததல்ல. போய்விட்டது என்று நினைத்துத் தினம் ராத்திரி அவன் தேடிக்கொண்டிருந்த குரல் அது. சபையெல்லாம் சிரித்தபோதுகூடக் கிடைக்காத ஒரு சந்தோஷம் இப்போது அவனுக்குக் கிடைத்தது. தன் மகளுக்குள் அது எங்கேயோ ஒளிந்துகொண்டு, மட்டப்பலகை கீழே விழுகிற நேரத்துக்காகக் காத்திருந்திருக்கிறது.

அம்பலத்தாடியார் தம் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், புதிதாகச் சேர வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல. குச்சியை அதில் மாற்றிக்கொண்டார். கை தடுமாறியது. கோடு எங்கேயோ கிளம்பி எங்கேயோ போயிற்று. ஓரிடத்தில் நின்றது, யோசித்தது, குதித்தது. பிள்ளைகள் வரிசையை மறந்து சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். மேகமும் தூணோரம் நின்று பார்த்தது என்று அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

அவர் குச்சியை எடுத்தபோது மணலில் ஏதோ ஒன்று இருந்தது. கால்கள் இருந்தன, அல்லது வேர்கள். ஓர் ஓரத்தில் அது சிரிக்கிற மாதிரியும் இருந்தது.

அரசர் குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "ஐயா, இது என்ன?"

எந்தக் கேள்விக்கும் விடை வைத்திருந்த ஆசான், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னார்:

"தெரியவில்லை, மகாராஜா."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். பல் போன வாயில் குழந்தைச் சிரிப்பு. அதைக் கண்டு அரசர் சிரித்தார். மண்டபத்துத் தூண்களில் கூடு கட்டியிருந்த குருவிகள் எழும்பிப் பறக்கும்படி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மணலில் உட்கார்ந்தே சிரித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். கொண்டைராயர் மட்டும் எப்போது சிரிக்கலாம் என்று உத்தரவுக்குக் காத்திருந்தார்.

அரசர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையனுக்குப் போட்டார். "இது போதாது. இன்னும் ஏதாவது கேள்."

"மகாராஜா, காலையில் எழுத்துக்கும் கணக்குக்கும் மட்டப்பலகை இருக்கட்டும். கோணல் வட்டத்துக்கும் இருக்கட்டும். மதியம் மேகம் வருகிற நேரத்தில் மட்டும் அதுவும் ஊரோடு சேர்ந்து தூங்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் அரசர். பிறகு பிரதானியைப் பார்த்தார். "ராயரே, இந்தக் குளத்தங்கரைமேல் உமக்கு ரொம்ப ஆசை என்று கேள்வி. நாளை முதல் தினமும் இங்கே வாரும். கடைசி வரிசையில் இடம் இருக்கிறது. தலைப்பாகையை வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும்."

கொண்டைராயர் வட்டம் போடக் கற்றுக்கொண்டாரா என்று கேட்காதீர்கள். இப்போதுதான் கத்தரிக்காய் வரை வந்திருக்கிறார்.

சாத்தையன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். பின்னால் குளத்தங்கரையில் அரசரின் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. ஊர் அப்போதுதான் தூக்கம் கலைந்து எழுந்துகொண்டிருந்தது. சிவந்தி மாலையில் இருந்த முத்து ஒன்றை உருட்டிப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினாள். முத்துக்குள்ளே இருக்கிற கடல் அலையடிக்குமா, அடித்தால் மாலைக்கு எப்படித் தெரியாமல் போகும், கிளிஞ்சலுக்குக் கதவு இருக்கிறதே சன்னல் ஏன் இல்லை, மேகத்துக்கு இன்று யார் சோறு போட்டிருப்பார்கள் என்று தெருமுனை வரை நிறுத்தவேயில்லை. சாத்தையனுக்குப் பாதி புரியவில்லை. மீதியில் பாதி தப்பு என்றும் தெரிந்தது. ஓரிடத்திலும் குறுக்கே பேசாமல் "உம்... உம்..." என்று கேட்டுக்கொண்டே நடந்தான்.